நூற்றுப் பத்தொன்பதில் ஆள் இல்லை

ஏரிக்குப் போனால் என் கணவர் வெர்லின் மீனைவிட அளவுகோலைத்தான் அதிக நேரம் கையில் வைத்திருப்பார். பதினைந்து அங்குலத்துக்குக் குறைந்த மீனைத் தண்ணீரில் திரும்ப விட வேண்டும் என்பது எங்கள் பக்கத்துச் சட்டம். பதினான்கே முக்கால் அங்குல மீனின் வாலை நீவி, வாயை இழுத்துவிட்டுப் பதினைந்தாக்குவது எங்கள் பக்கத்து வழக்கம். வெர்லின் சட்டத்தின் ஆள். "கால் அங்குலம் வளர்ந்துட்டு வா" என்று மீனிடம் சொல்லி விட்டுவிடுவார். அவரோடு ஒருமுறை படகில் போனவர்கள் அடுத்த முறை முதுகுவலி என்று சொல்லிவிடுவார்கள். அதனால் பெரும்பாலும் நான்தான் துணை.

நான் பிடித்த மீனை மட்டும் அவர் அளக்க மாட்டார். "எவ்வளவு?" என்பார். "பதினஞ்சரை" என்பேன். வாளியில் போட்டுவிடுவார்.

சீட்டாட்டத்திலும் அப்படித்தான். பாஸ்டர் கலைத்த கட்டையே ஒருமுறை வெட்டி வைத்துவிட்டுத்தான் கையில் எடுப்பார். நான் கலைத்தால் அப்படியே எடுத்துக்கொள்வார். ஊர் தானியக் கூட்டுறவில் லாரிகளை எடைபோடுவது அவர் வேலை. சொந்தத் தம்பி சோளம் ஏற்றி வந்தாலும் முதலில் வண்டியிலிருந்து நாயை இறக்கச் சொல்வார். அப்படிப்பட்ட மனிதர் கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம் என் வாய்ச்சொல் எதையும் எடைபோட்டதில்லை. என்னிடம் இருந்த பெரிய சொத்து அதுதான். அந்தச் சொத்தை ஒரு முகப்பூச்சு ஜாடிக்காகப் பணயம் வைத்தவள் நான்.

வெர்லின் போன மார்ச்சில் இறந்துபோனார். போன வாரம் அவருடைய விசில்கள் கிடந்த பெட்டியைக் காலி செய்தபோது அடியில் ஒரு கடிதத்தின் கார்பன் நகல் கிடைத்தது. அதைப் படித்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெர்லின் உயர்நிலைப் பள்ளி மல்யுத்தத்துக்கு நடுவராகப் போவார். எங்கள் வடக்கு அயோவாவில் குளிர்காலத்தில் வேறு என்ன செய்ய. எங்கள் ஊரான ஸ்டென்ரூடில் ஆட்டம் நடந்தால் மேசையில் உட்கார்ந்து புள்ளி எழுதுவது நான். ஆட்டத்துக்கு முன்னால் உடை மாற்றும் அறையில் நடுவர் மூன்று விஷயம் பார்க்க வேண்டும்: எடை, நகம், தோல். எடையை எல்லா நடுவரும் ஒழுங்காகப் பார்ப்பார்கள், எதிரணிப் பையன்கள் பக்கத்திலேயே நின்று தராசு முள்ளை முறைத்துக்கொண்டிருப்பார்கள் என்பதால். நகத்தைப் பாதி பேர் பார்ப்பார்கள். தோலைப் பார்ப்பதில் வெர்லினை மிஞ்ச ஆள் கிடையாது. ஒரு டார்ச் விளக்கும் சலவை செய்த வெள்ளைக் கைக்குட்டையும் எடுத்துப் போவார். காது மடலுக்குப் பின்னால், முட்டி மடிப்பில், கழுத்து முடி ஓரத்தில் என்று ஒவ்வொரு பையனையும் சந்தையில் குதிரை வாங்குகிறவர் மாதிரி பார்ப்பார். பையன்கள் அவருக்கு 'டாக்டர் டார்ச்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

அந்த டார்ச்சுக்கு ஒரு காரணம் இருந்தது. நான் சொல்லப்போகிற குளிர்காலத்துக்கு மூன்று வருடம் முன்பு ஒரு போட்டியில், மங்கின விளக்கு வெளிச்சத்தில், நேரமாகிவிட்டது என்று ஒரு பையனின் கன்னத்தில் இருந்த கொப்புளத்தைப் பருவென்று நினைத்து அவர் விட்டுவிட்டார். அது பரு இல்லை. அவனோடு கட்டிப் புரண்ட எதிரணிப் பையனுக்கு அது கண்ணில் ஏறியது. ஒரு கண்ணில் பாதிப் பார்வைதான் மிச்சம். யாரும் வெர்லினைக் குறை சொல்லவில்லை. அவரும் அதைப்பற்றிப் பேசவில்லை. மறுநாள் கடைக்குப் போய் இருப்பதிலேயே பெரிய டார்ச்சாக வாங்கி வந்தார், அவ்வளவுதான்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் ஜாடியைக் கொடுத்தேன்.

என் தாடையில், இடது பக்கம், ஜாம் காய்ச்சும்போது தெறித்த பழைய தீத்தழும்பு ஒன்று உண்டு. கடையில் விற்கிற எந்த முகப்பூச்சும் அதற்குச் சரியாகப் பொருந்தாது. ஒன்று நான் பிணம் மாதிரி இருப்பேன், அல்லது வேர்க்கடலை மாதிரி இருப்பேன். அதனால் இரண்டு நிறத்தை வாங்கி, செர்ரி-பாதாம் வாசனை அடிக்கிற கைக்குப் பூசும் லோஷன் கொஞ்சம் விட்டு, நானே குழைத்து ஒரு ஜாடியில் வைத்திருப்பேன். உலகத்தில் அந்த நிறமும் அந்த வாசனையும் சேர்ந்து இருப்பது என் ஜாடியில் மட்டும்தான்.

எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம் முடிந்திருந்த ஜனவரியின் தொடக்கத்தில் என் தங்கை லவோன் வந்து அதை இரவல் கேட்டாள். ஞானஸ்நான விழாவில் போட்டோ எடுக்கிறார்களாம், மூக்கில் ஒரு பரு வந்திருக்கிறதாம். மூன்று நாளில் திருப்பிக் கொடுத்தாள். மூடி கோணலாகத் திருகியிருந்தது. உள்ளே பார்த்தேன். நானும் லவோனும் சுண்டுவிரல் நுனியால் தொட்டு எடுக்கிறவர்கள். ஜாடியின் நடுவில் கட்டைவிரல் ஒன்று உழுத மாதிரி பள்ளம் இருந்தது.

லவோன் வீட்டில் அந்த அளவு கட்டைவிரல் ஒன்றுதான் உண்டு. அவள் மகன் டஸ்டினுடையது. டஸ்டின் எங்கள் பள்ளி அணியில் நூற்றுப் பத்தொன்பது பவுண்டு பிரிவில் ஆடினான். மூன்று வருடம் தன்னைவிடக் கெட்டிக்காரப் பையன்களுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டு, கடைசி வருடத்தில்தான் அவனுக்கு இடம் கிடைத்திருந்தது. அதுவும் எப்படி ஆடினான். பதினெட்டு வெற்றி.

நான் எதுவும் கேட்கவில்லை. பள்ளத்தைக் கரண்டியால் சமப்படுத்திவிட்டு, வழக்கம் போல முகத்தில் பூசிக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து, ஒரு வியாழக்கிழமை காலையில் லவோன் மறுபடி வந்தாள். அன்று மாலை ப்ரேரி மில் பள்ளியோடு ஆட்டம். எங்கள் ஊரில் அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம் அது. கடைசி வருடப் பையன்களின் அம்மாக்களை விரிப்பின் நடுவே கூப்பிட்டு ஆளுக்கொரு கார்னேஷன் பூக் கொடுப்பார்கள். லவோன் அதற்கென்று முடி திருத்திக்கொண்டிருந்தாள். கோட்டைக் கழற்றாமல் அடுக்களையில் நின்றாள்.

"அந்த ஜாடி வேணும் ஆர்டிஸ்."

"மறுபடியும் ஞானஸ்நானமா?"

"ஆமா."

"யாருக்கு?"

"யாருக்கோ. லுத்தரன்களுக்குக் குழந்தை பிறக்கிறதை நான் நிறுத்த முடியுமா?"

நான் ஜாடியை எடுத்து வந்தேன். ஆனால் உடனே நீட்டவில்லை. அவளும் கையை நீட்டவில்லை.

"இன்னைக்கு நடுவர் யாரு?" என்றாள்.

"ஆர்வில்."

"ஆர்வில் நல்ல மனுஷன்."

"ஆர்விலுக்குக் கண்ணு தெரியாது லவோன்."

"அதைத்தானே சொன்னேன்."

சிரித்துவிட்டேன். அதுதான் நான் செய்த தப்பு. சிரித்த பிறகு ஜாடியைக் கொடுக்காமல் இருக்க முடியவில்லை. "படர்தாமரைதான், உசிரு போகாது" என்று அவள் கதவருகே போனபின் சொன்னாள். டாக்டரிடம் போனால் மூன்று நாள் மருந்து போட வேண்டும், பிறகு அவர் கையெழுத்து போட்ட தாள் இல்லாமல் ஆட விட மாட்டார்கள். மூன்று நாளில் ஆட்டமும் பூவும் முடிந்திருக்கும். அந்தப் பையனின் கழுத்தை நான் பார்க்கக்கூட இல்லை. படர்தாமரை என்று அவள் சொன்னாள், நம்பினேன். பருவென்று ஒருத்தர் ஒருமுறை நம்பினாரே, அதே மாதிரி.

மதியம் பனி கொட்டத் தொடங்கியது. இரண்டு மணிக்கு வெர்லின் கூட்டுறவிலிருந்து போன் செய்தார். ஆர்விலின் கார் சாலையோரப் பள்ளத்தில் இறங்கிவிட்டதாம். ஆளுக்கு ஒன்றும் இல்லை, ஆனால் வண்டியை வெளியே இழுக்கச் சாயங்காலம் ஆகிவிடும். ப்ரேரி மில் பஸ் கிளம்பிவிட்டது. அதனால் தன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள், கோடு போட்ட சட்டையை இஸ்திரி போட்டு வை என்றார்.

சட்டையை இஸ்திரி மேசையில் விரித்துப் போட்டுவிட்டு லவோனுக்கு டயல் செய்தேன். வேறு யாரோடோ பேசிக்கொண்டிருந்தாள். காலரைத் தேய்த்துவிட்டு மறுபடி டயல் செய்தேன். பேசிக்கொண்டேயிருந்தாள். என் தங்கையின் போன் எங்கள் மாவட்டத்தில் ஓய்வே பார்க்காத ஒரே இயந்திரம். அந்தச் சட்டையைப் போல எந்தச் சட்டையையும் நான் தேய்த்ததில்லை. தனித்தனிக் கோடாகத் தேய்த்தேன்.

வண்டியில் போகும்போது சொல்லியிருக்கலாம். நாலு நிமிட வழி. "பனி ஜாஸ்தியா இருக்கு" என்று சொன்னேன். "ஆமா" என்றார்.

உள்ளே போனதும் வெர்லின் நேராக ப்ரேரி மில் பயிற்சியாளர் கேலனிடம் போனார். கேலன் பெரிய தொந்தியும் அதைவிடப் பெரிய வாயும் உள்ள மனிதர். நூற்றுப் பத்தொன்பதில் ஆடுகிறவன் தன் மனைவியின் தங்கை மகன் என்றும், ஆட்சேபம் இருந்தால் தாராளமாகச் சொல்லலாம், ஆட்டத்தை வேறு நாளுக்கு வைத்துக்கொள்ளலாம் என்றும் வெர்லின் சொன்னார். கேலன் பெஞ்சில் இருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பதில் சொன்னார்.

"வெர்லின், போன கிறிஸ்துமஸ் பார்ட்டியில உன் சொந்த அம்மா பிங்கோவில தப்பா கத்தினாங்கன்னு அவங்க பரிசைப் பிடுங்கிட்ட. அந்தப் பையன் உனக்குச் சொந்தம்னா எங்களுக்குத்தான் லாபம். நடத்துப்பா."

உடை மாற்றும் அறையில் நடந்ததை நான் பார்க்கவில்லை. பல வருடம் கழித்து ஒரு மீன் விருந்தில் டஸ்டினே சொன்னான். பையன்கள் உள்ளாடையோடு வரிசையில் நின்றார்கள். வெர்லின் ஒவ்வொருவராகப் பார்த்து வந்தார். டஸ்டினிடம் வந்து எடை பார்த்தார், சரி. விரல்களைப் பார்த்தார், சரி. டார்ச்சை அடித்துத் தோள், மார்பு, முட்டி எல்லாம் பார்த்தார், சரி. கழுத்துப் பக்கம் குனிந்தார். லவோன் நன்றாகத்தான் பூசியிருந்தாள். கண்ணுக்கு எதுவும் தெரிந்திருக்காது. ஆனால் வெர்லின் அப்படியே நின்றுவிட்டார். மூக்கை உறிஞ்சினார். இன்னொரு முறை உறிஞ்சினார்.

இருபத்திரண்டு வருடம் காலைச் சாப்பாட்டு மேசைக்கு எதிரே உட்கார்ந்து முகர்ந்த வாசனை. அயோவாவில் இருந்த அத்தனை நடுவர்களில் வேறு யாராக இருந்தாலும் அந்தப் பையன் தப்பித்திருப்பான்.

"அங்கிள்" என்றானாம் டஸ்டின்.

"இங்க நான் அங்கிள் இல்ல."

"சார், ஆர்டிஸ் ஆன்ட்டிக்கு எதுவும் தெரியாது."

"நான் கேக்கல" என்று சொல்லிவிட்டு வெர்லின் கைக்குட்டையை மடித்து ஒருமுறை துடைத்தார். கீழே ஒரு டாலர் நாணயம் அளவுக்குச் சிவப்பு வளையம், ஓரத்தில் செதில் செதிலாக. என் க்ரீமின் ஈரத்தைத் தின்று இரண்டு வாரத்தில் அது நன்றாகக் கொழுத்திருந்தது. கழுவிவிட்டுச் சட்டையைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். தோளில் ஒரு தட்டு தட்டினாராம். "அந்தத் தட்டுதான் ஆன்ட்டி தாங்க முடியல. திட்டியிருந்தா பரவாயில்ல" என்றான்.

எனக்குத் தெரிந்தது இதுதான்: நான் மேசையில் பென்சில் சீவிக்கொண்டிருந்தேன். வெர்லின் வந்து ஆட்டக்காரர் பட்டியலை வைத்தார். "நூத்திப் பத்தொம்பதுல ஸ்டென்ரூடுக்கு ஆள் இல்ல" என்றார். குரலில் எதுவும் இல்லை. அவருடைய பின் பாக்கெட்டிலிருந்து கைக்குட்டை நுனி நீட்டிக்கொண்டிருந்தது. அதில் என் தாடையின் நிறம் இருந்தது.

ஆள் இல்லாத பிரிவில் எதிரணிக்கு ஆடாமலே ஆறு புள்ளி. எழுதினேன்.

ஆட்டம் தொடங்கும் முன் பூக் கொடுத்தார்கள். லவோன் விரிப்பில் நடந்து வந்து, சட்டை போட்டு நின்ற மகன் பக்கத்தில் நின்று, பூவை வாங்கிக்கொண்டாள். படமும் எடுத்தார்கள். படத்தில் டஸ்டின் கழுத்துப் பட்டன் வரை போட்டுக்கொண்டு ஞானஸ்நானத்துக்கு வந்தவன் மாதிரிதான் இருக்கிறான்.

அன்று நூற்று நாற்பது பவுண்டு ஆட்டத்தில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் பையன் எதிராளியின் கையை முறுக்கி மேலே கொண்டுபோனான். அது தப்பான பிடி இல்லை. ஆனால் இன்னும் ஒரு அங்குலம் போனால் தோள் கழன்றுவிடும். வெர்லின் விசில் ஊதி, ஒரு கையைத் தூக்கித் தன் பின்தலையில் வைத்தார். ஆபத்தாகப் போகக்கூடிய பிடி என்பதற்கு அந்தச் சைகை. யார் மேலும் குற்றம் இல்லை, யாருக்கும் புள்ளி இல்லை. விட்டுவிட்டு எழுந்து நடுவில் வந்து மறுபடி தொடங்க வேண்டும். மேசையில் இருப்பவள் அதற்குப் புத்தகத்தில் எதுவும் எழுத வேண்டியதில்லை. வேலையில்லாமல் பென்சிலைப் பிடித்துக்கொண்டிருக்க எனக்குக் கிடைத்த ஒரே இடைவெளி அது.

முப்பத்தொன்றுக்கு இருபத்தொன்பது என்று தோற்றோம். டஸ்டின் ஆடியிருந்தால் கணக்கு எப்படி மாறியிருக்கும் என்று ஸ்டென்ரூடில் ஒன்றாம் வகுப்புக் குழந்தைகூடச் சொல்லும். லவோன் கூட்டத்திலிருந்து இறங்கி வந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கார்னேஷனை என் புத்தகத்தின் மேல் வைத்தாள்.

"இதை உன் புருஷன்கிட்ட குடு. இன்னைக்கு அவர்தானே ஜெயிச்சது."

வீட்டுக்குப் போகும் வழியில் "பனி விட்டுடுச்சு" என்றார் வெர்லின். "ஆமா" என்றேன். அந்த நாலு நிமிடம் நாற்பது மைல் நீளம்.

மறுநாள் காலை ஓட்ஸ் கஞ்சி. ஜாடி லவோனிடம் இருந்ததால் என் முகத்தில் எதுவும் இல்லை. தாடை இரண்டு நாளாகவே அரித்துக்கொண்டிருந்தது. குளிருக்குத் தோல் காய்கிறது என்று நினைத்திருந்தேன். கரண்டியைப் பிடித்தபடியே சொறிந்தேன். வெர்லின் கஞ்சியிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். எழுந்து போனார். டார்ச்சோடு வந்தார்.

"முகத்தைத் திருப்பு."

திருப்பினேன். கன்னத்தில் அவர் மூச்சு பட்டது. ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு குளியலறைக் கண்ணாடியை எடுத்து வந்து காட்டினார். தீத்தழும்புக்குக் கீழே, அச்சு வைத்த மாதிரி, சின்னதாக ஒரு சிவப்பு வளையம்.

வெர்லின் முட்டாள் இல்லை. வளையம் ஒரு நாளில் வராது. ஜாடி ஒருமுறை போய், உழப்பட்டு, திரும்பி வந்து, மறுபடியும் போயிருக்கிறது என்பது என் தாடையில் எழுதியிருந்தது. இனி ஒரே கேள்விதான் பாக்கி. அவர் கேட்டால் நான் பொய் சொல்ல மாட்டேன். உண்மையைச் சொன்னால் அடுத்த கோடையில் என் மீனும் அளக்கப்படும்.

கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "வெர்லின், அந்த ஜாடி..."

டார்ச்சை மேசையில் வைத்தார். கையைத் தூக்கித் தன் பின்தலையில் வைத்தார்.

நான் வாயை மூடினேன்.

"கஞ்சி ஆறுது" என்றார்.

அதற்குப் பிறகு சட்டம் தன் கடமையைச் செய்தது. மூன்று நாள் மருந்து. அதுவரை யாரோடும் உடல் தொடர்பு கூடாது. விதி எல்லாருக்கும் ஒன்றுதான் என்று சொல்லித் தலையணையைத் தூக்கிக்கொண்டு சோபாவுக்குப் போனார். தினமும் காலையில் டார்ச் அடித்துப் பார்த்தார். நாலாம் நாள் பையிலிருந்து தோல் நோய்ப் படிவம் ஒன்றை எடுத்துச் சமையலறையிலேயே பூர்த்தி செய்தார். பெயர்: ஆர்டிஸ். நோய்: படர்தாமரை. நிலை: களமிறங்கலாம். எடைப் பிரிவு என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டார். நான் சொன்னேனே, அவர் முட்டாள் இல்லை.

அந்தச் சனிக்கிழமை முழுக்கத் தட்டச்சு இயந்திரத்தில் எதையோ அடித்துக்கொண்டிருந்தார். மறைக்கப்பட்ட நோயைக் கண்டுபிடித்தால் நடுவர் சங்கத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும் என்பது எனக்குத் தெரியும். என்ன எழுதினார் என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எங்கள் வீட்டில் அந்த வாரம் பரவியிருந்தது. தன்னை ஒரு வாரம் நீக்கிவைக்கும்படி சங்கத்தைக் கேட்டார் என்பதும், அவர்கள் தேவையில்லை என்று சொல்லிவிட்டார்கள் என்பதும் பிறகு தெரிந்தது. ஆனாலும் அவர் ஒரு வாரம் வேலையை ஏற்கவில்லை. பார்வையாளர்களோடு உட்கார்ந்து ஆட்டம் பார்த்தார். கை தானாக எழுந்து சைகை காட்டிக்கொண்டே இருந்தது. முன்னால் இருந்த ஒரு அம்மாளின் தொப்பியை இரண்டு முறை தட்டிவிட்டார்.

லவோன் ஈஸ்டர் வரை பேசவில்லை. ஈஸ்டர் விருந்துக்குக் கடையில் வாங்கிய புது முகப்பூச்சு ஜாடியோடு வந்தாள். வேர்க்கடலை நிறம். அவளும் வெர்லினும் ஹாம் பரிமாறிக்கொண்டபோது அவள் சட்டைக் கை மேலே ஏறியது. மணிக்கட்டில் ஆறிப்போன வளையத்தின் தடம். வெர்லின் பார்த்தார். லவோன் அவர் பார்ப்பதைப் பார்த்தாள்.

"டார்ச்சை எடுத்தீங்கன்னா இந்தக் கிண்ணத்தை உங்க தலையில கவுத்துருவேன்" என்றாள்.

"உருளைக்கிழங்கு வேணுமான்னுதான் பார்த்தேன்" என்றார் வெர்லின்.

அதோடு அது முடிந்தது. டஸ்டின் இப்போது விதை விற்கிறான், இரண்டு பெண்களுக்கு அப்பா. போன மார்ச்சில் சவப்பெட்டிக்கு அருகே வந்து நின்றபோது வெர்லினின் கையை எடுத்து விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். "நகம் சரியா வெட்டியிருக்கு" என்றான். நானும் லவோனும் தேவாலயத்தில் சிரிக்கக் கூடாத விதத்தில் சிரித்தோம்.

அந்தக் கோடையிலும் அதற்கடுத்த எல்லாக் கோடைகளிலும் அவர் "எவ்வளவு?" என்றார், நான் சொன்னேன், வாளியில் போட்டார். அந்த வருடத்துக்குப் பிறகு நான் பதினைந்துக்கு ஒரு நூல் குறைந்ததைக்கூட வாளிப் பக்கம் கொண்டுபோனதில்லை என்பது வேறு விஷயம்.

கார்பன் நகலில் இருப்பது இது. முதல் பக்கம் முழுக்க நாள், நேரம், பிரிவு, வளையத்தின் அளவு. ஒன்றே எட்டில் மூன்று அங்குலம் என்பதுவரை எல்லாம் இருக்கிறது. இரண்டாம் பக்கத்தில் கடைசிப் பத்தி:

"மறைக்கப் பயன்பட்ட பூச்சு என் வீட்டிலிருந்து வந்தது. அது என் மனைவியுடையது. எதற்காகக் கொண்டுபோகிறார்கள் என்று அவளுக்குத் தெரியுமா என நான் கேட்கவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் அவள் சொன்ன எதையும் நான் சரிபார்த்ததில்லை, இந்தக் கடிதத்துக்காகத் தொடங்க விரும்பவில்லை. இது என் அறிக்கையில் உள்ள குறை என்பதை ஒப்புக்கொள்கிறேன். சங்கத்துக்குத் தெரிந்தாக வேண்டுமானால் அவளையே கேட்கலாம். என்னுடைய தொலைபேசி எண்தான் அவளுடையதும். காலையில் கூப்பிடுவது நல்லது."

சங்கம் கூப்பிடவில்லை. எனக்குத் தெரியாமலே அத்தனை வருடம் அந்தக் கேள்வி என் பெயருக்கு எழுதப்பட்டு எங்கோ ஒரு கோப்பில் காத்திருந்திருக்கிறது.

இரண்டு முறை படித்தேன். பிறகு புள்ளி எழுதும் பென்சிலைத் தேடி எடுத்து, கத்தியால் சீவி, அந்தப் பத்தியின் ஓரத்தில் 'தெரியும்' என்று எழுதினேன். முப்பது வருடம் மேசையில் எழுதிய கை, அடித்தல் திருத்தல் இல்லாமல் வந்தது. பழக்கத்தில் நேரத்தையும் பக்கத்தில் குறித்தேன். காலை எட்டு பத்து.